இடது புருவம்

ஜனவரி 3

இந்த டைரியைக் கொடுத்தவர் பிச்சாண்டி அண்ணன். ராணுவத்தில் நாயக்காக இருந்த என் வீட்டுக்காரர் தணிகைவேலோடு ஒரே யூனிட்டில், ஒரே பாரக்கில், பக்கத்துக் கட்டிலில் படுத்தவர். லீவு முடிந்து நாளை மறுநாள் ரயில் ஏறுகிறார். போவதற்கு முன் எங்களை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போக வந்தார். “தங்கச்சி, தணிகையப் பத்தி ஞாபகம் வர்றத எல்லாம் அப்பப்ப எழுதி வை. தேனு பெரியவளானா படிக்கும்” என்றார். தேன்மொழிக்கு இப்போது எட்டு வயது. அவள் படித்துப் புரிந்துகொள்ளும் வயதில் நான் எல்லாவற்றையும் மறந்திருப்பேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 19 வந்தால் அவர் போய் ஒரு வருஷம். மலை மேல் போஸ்ட்டுக்குப் போகிற வழியில் பனி சரிந்து மூன்று பேர் புதைந்தார்கள். இரண்டு பேரை உயிரோடு எடுத்தார்கள். அவரை அடுத்த நாள்தான் எடுத்தார்கள். ரோட்டோரம் எங்கள் கடலைக் கொல்லையில் அடக்கம் செய்தோம். அந்த இடத்திலேயே அவர் சிலைக்குப் பீடம் கட்டியாகிவிட்டது. வருஷம் திரும்புகிற அன்றைக்கே திறப்பு. எங்கள் ஊர் மேல்செங்கானூர் பையன்கள் இப்போதே வாட்ஸ்அப்பில் அலப்பறை பண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, ஞாபகம் வருவதை எழுதுகிறேன். அவருக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும். தூங்கும்போது கையை மார்பில் கட்டிக்கொள்வார். செருப்பை வாசலில் ஜோடியாக, நேராக வைப்பார்.

வேறு என்ன என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். குக்கர் நாலு விசில் அடித்துவிட்டது.

ஜனவரி 4

நான் வேலை பார்க்கிற பால்வாடியில் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள். ஒவ்வொன்றும் தராசில் ஏற மாட்டேன் என்று அழுதது. எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 6

சிலை செய்கிற ஏகாம்பரம் ஆரணியில் பட்டறை வைத்திருக்கிறார். ஃபோனில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: நேராகப் பார்க்கிற மாதிரி, கண்ணும் புருவமும் தாடையும் துலக்கமாகத் தெரிகிற படம்.

கட்டிலில் எல்லாப் படங்களையும் பரப்பினேன். கல்யாண ஆல்பத்தில் ஸ்டூடியோக்காரன் அவரை மாவில் புரட்டி எடுத்தது போல வெளுப்பாக்கி வைத்திருக்கிறான். பரு, மச்சம், தழும்பு ஒன்றும் இல்லை. ராணுவத்தில் எடுத்த படத்தில் தொப்பியின் நிழல் நெற்றியில் விழுந்திருக்கிறது. லீவில் வந்தபோது எடுத்ததில் எல்லாம் நானும் தேனுவும் அத்தையும்தான் இருக்கிறோம், எடுத்தவர் அவர்.

மிச்சம் இருந்தது மலையிலிருந்து அவர் தன்னைத்தானே எடுத்து அனுப்பிய படம். முகத்தை மட்டும் வெட்டி என் ஃபோனில் முகப்பாக வைத்திருக்கிறேன். ஒரு வருஷமாக நான் காலையில் முதலில் பார்க்கிற முகம் அதுதான். இடது புருவத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு அந்தத் தழும்பு, சிரிப்பில் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும். சின்ன வயதில் கிணற்றில் விழுந்தபோது கல் பட்டதாம். அதை ஏகாம்பரத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 8

அத்தைக்கும் எனக்கும் சண்டை.

அத்தை பெயர் பச்சையம்மா. பிள்ளையைப் பெற்றவள். நான் கட்டிக்கொண்டவள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்தாலும் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கோடு இருந்துகொண்டுதான் இருக்கிறது. அவர் ஃபோன் செய்தால் யார் முதலில் பேசுவது, லீவில் வந்தால் யார் பரிமாறுவது என்று. அவர் போன பிறகு அந்தக் கோடு அழிந்துவிடும் என்று நினைத்தேன். இப்போது அவரை யாருக்கு அதிகம் தெரியும் என்பதில் வந்து நிற்கிறது.

நான் எந்தப் படத்தை அனுப்பினேன் என்று கேட்டாள். காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கையில் அரிவாள். விறகு பிளந்துகொண்டிருந்தாள். அத்தைக்குப் பீச்சாங்கைப் பழக்கம், எல்லா வேலையும் இடது கைதான். அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

“தழும்பு வேணான்னு சொல்லு அவருகிட்ட.”

“ஏன் அத்தை?”

“சாமியா நிக்கப் போறான். சாமி மூஞ்சில எதுக்கும்மா தழும்பு?”

எனக்குச் சுருக்கென்று வந்தது. அவருக்குச் சாமியாக நிற்க ஆசை இருந்ததில்லை, வீட்டுக்கு வர ஆசை இருந்தது என்று சொன்னேன். அந்தத் தழும்பு இல்லாவிட்டால் அது அவரே இல்லை, ஏதோ கடைவீதி பொம்மை என்று சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பழக்கம் எனக்கு எப்போதும் இல்லை. “பெத்தவங்களுக்குப் புள்ள அழகா இருக்கணும். கட்டிக்கிட்டவளுக்கு அவரு அவரா இருந்தா போதும்” என்றும் சொல்லிவிட்டேன்.

அத்தை அரிவாளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

ஜனவரி 10

பேச்சு வார்த்தை இல்லை. சோறு மட்டும் வைக்கிறாள்.

ஜனவரி 11

தெருப் பையன்களிடம் போய்த் தழும்பு வேண்டாம் என்று அத்தை சொல்லியிருக்கிறாள். அவர்கள் என்னிடம் வந்து பக்குவமாகக் கேட்டார்கள். நான் படத்தைக் காட்டி, இது வீரனுடைய முகம், இதில் எதை அழிக்க உங்களுக்கு மனசு வரும் என்றேன். எல்லோரும் என் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஜெயித்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்தால், அத்தை கொல்லையில் உட்கார்ந்து எருமைக்குப் புல்லைக் கையால் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்படி யாரும் புல் போட மாட்டார்கள்.

ஜனவரி 15

பொங்கல். அவர் போய் வருஷம் திரும்பவில்லை என்பதால் எங்கள் வீட்டில் பானை வைக்கவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து நிறைய பொங்கல் வந்தது. தேனு ஐந்து வீட்டுப் பொங்கலையும் ருசி பார்த்து மார்க் போட்டாள்.

போன பொங்கலுக்கு அவர் வீடியோ கால் செய்தார். கம்பளித் தொப்பி புருவம் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தார். நெட்வொர்க் விட்டு விட்டு வந்தது. வாய் ஒரு இடத்தில் நின்றுவிடும், குரல் மட்டும் ஓடும். “பொங்கிடுச்சா?” என்று கேட்டதும் அப்படியே உறைந்துபோனார். நான் பானையைக் காட்டிக்கொண்டே இருந்தேன்.

ஜனவரி 20

ஆரணிக்குப் போய் மண்ணில் செய்த முகத்தைப் பார்த்து வந்தோம். முதலில் களிமண்ணில் செய்வாராம். வீட்டு ஆட்கள் வந்து பார்த்து, ‘ஆமாம், இது எங்கள் ஆள்தான்’ என்று வாயால் சொன்ன பிறகுதான் அச்சு எடுத்து ஃபைபரில் வார்ப்பாராம். அதற்கு முன் யாரையும் படம் பிடிக்க விட மாட்டார். பிச்சாண்டி அண்ணனுக்கு அனுப்ப ஃபோனை எடுத்தேன். “கண்ணு தொறக்காத மொகம்மா. எடுக்கக் கூடாது” என்று கையை நீட்டித் தடுத்தார்.

ஈரத்துணியை விலக்கினார். அவர்தான். தாடையில் அந்தக் கொஞ்சம் கோணல், மேல் உதட்டில் மீசை ஒட்டாமல் விடுகிற இடம், எல்லாம். இடது புருவத்தில் தழும்பு. அழுதுகொண்டே “ஆமாங்க, அவர்தான்” என்றேன். தேனு வெட்கப்பட்டு என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள்.

அத்தை கிட்டப் போனாள். வெகு நேரம் பார்த்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு, மண் புருவத்தில் தழும்பு இருந்த இடத்தில் ஒரு விரலை வைத்தாள். பிறகு இன்னொரு புருவத்தையும் தடவினாள். சண்டைக்கு நிற்கப் போகிறாள் என்று நான் தயாராக இருந்தேன்.

“இருக்கட்டும்” என்றாள். “இப்பிடியே இருக்கட்டும்.”

வழியெல்லாம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். களம்பூரில் இறங்கி எனக்கும் தேனுவுக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தாள். பேச்சு திரும்பிவிட்டது.

ஜனவரி 22

அத்தை கொஞ்ச நாளாக என்னிடம் இல்லாத பிரியமாக இருக்கிறாள். தோற்றுப்போனதை ஒப்புக்கொண்டாள் என்று வைத்துக்கொண்டேன். எனக்கும் கொஞ்சம் கர்வம்தான். என்ன இருந்தாலும் முகம் எனக்குத்தானே தெரிந்தது.

ஞாபகம் ஒன்று. லீவில் வந்தால் முதல் ஞாயிற்றுக்கிழமை அத்தை அவருக்குத் தலைக்கு எண்ணெய் வைப்பாள். அம்மாவின் முன்னால் சம்மணம் போட்டு, முப்பத்தைந்து வயது ராணுவக்காரர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தேய்த்து முடிக்கும்போது அவர் அத்தையின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்து அழுத்திக்கொள்வார். அத்தை கையை இழுத்துக்கொள்வாள். அவர் விட மாட்டார், சிரிப்பார். எனக்குப் பொறாமையாக இருக்கும். துணி துவைக்கப் போய்விடுவேன்.

லீவில் வந்தால் அவருக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். பாத்திரம் இங்கே, சாவி அங்கே. நான் என் போக்கில் வைத்துக்கொண்ட வீட்டை மாற்றி அடுக்குவார். லீவு முடிந்து அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து

இது தேனு படிக்கப் போவது.

பிப்ரவரி 1

வார்ப்பு முடிந்தது என்று ஏகாம்பரம் ஃபோன் செய்தார். இனி தேய்த்துப் பெயின்ட் அடிப்பதுதான். பையன்கள் எம்.எல்.ஏ.வை அழைக்கலாமா என்று ஒரு கூட்டம் போட்டு, சண்டை போட்டு, கலைந்தார்கள்.

பிப்ரவரி 6

போளூரில் பேனர் கடைக்குப் போனேன். பீடத்துக்குப் பின்னால் கட்ட ஒரு பெரிய பேனர் வேண்டும் என்றார்கள். முகம் மட்டும் போதாது, மார்பு வரை வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதால், வெட்டாத முழுப் படத்தை அவருக்கு அனுப்பினேன். யூனிட் விளையாட்டுக்குக் கொடுத்த பனியன் போட்டிருப்பார்.

கடைக்காரர் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தார். “மேடம், படம் திரும்பி இருக்குது பாருங்க. பனியன்ல எழுத்து எல்லாம் வலமிருந்து இடமா ஓடுது. சில ஃபோன்ல தன்னையே எடுத்தா கண்ணாடில பாக்கிற மாதிரிதான் விழும். நேர் பண்ணிடட்டுமா?” என்றார். நான் ஆமாம் என்று சொல்வதற்குள் ஒரு பொத்தானைத் தட்டினார்.

பனியனில் எழுத்துகள் நேராக வந்து நின்றன. முகமும் திரும்பியது. தழும்பு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் போய்விட்டது. வலது புருவம்.

திரையில் யாரோ ஒரு ஆள் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைத் தெரியவில்லை. பேனர் அளவு எவ்வளவு என்று கடைக்காரர் இரண்டு தரம் கேட்டாராம்.

பிப்ரவரி 7

பால்வாடிக்கு லீவு சொன்னேன். தலைவலி என்று. பேனர் வேண்டாம் என்று கடைக்கும் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 8

கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறேன். அவர் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார், நான் எதிரில். தழும்பு எந்தப் பக்கம்? தெரியவில்லை. தேனு பிறந்தபோது ஆஸ்பத்திரியில் குனிந்து என்னைப் பார்க்கிறார். எந்தப் பக்கம்? தெரியவில்லை. எந்த ஞாபகத்தை எடுத்தாலும் ஃபோனில் இருக்கிற முகம் வந்து ஒட்டிக்கொள்கிறது. பக்கத்தில் படுத்தவருடைய முகம் எனக்குத் தெரியவில்லை. தராசில் ஏற்றுகிற குழந்தைகளில் எதற்கு எங்கே மச்சம் என்று கேட்டால் சொல்லிவிடுவேன்.

‘கட்டிக்கிட்டவளுக்கு அவரு அவரா இருந்தா போதும்’ என்று பேசினேனே. இந்த வாயைத் தைக்க வேண்டும்.

இதையும் எழுதிவிடுகிறேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்த ஒவ்வொரு தடவையும் எனக்கு அழுகை வந்தது உண்மை. மறுநாள் காலையில் சாவியைத் திரும்ப என் ஆணியில் மாட்டும்போது மூச்சு லேசாக விட்டதும் உண்மை. வீடு எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்று இருக்கும். கடைசி லீவின்போதும் அப்படித்தான் இருந்தது. வருஷத்துக்கு இரண்டு தரம் விருந்தாளி மாதிரி வந்து போன மனுஷனை நான் விருந்தாளி மாதிரியே பார்த்திருக்கிறேன். விருந்தாளியின் முகத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

பிப்ரவரி 9

அத்தையிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். கடலை உரித்துக்கொண்டிருந்தோம்.

“அவருக்கு அந்தக் காயம் கெணத்துலதான் பட்டுச்சா, அத்தை?”

“ஆமா.”

“எந்தப் பக்கம்னு ஞாபகம் இருக்குதா?”

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். “நீதான போட்டோ குடுத்த” என்றாள். அவ்வளவுதான். முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அவளுக்குத் தெரியும். பட்டறையிலேயே தெரிந்திருக்கிறது. பெற்றவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் ‘இருக்கட்டும்’ என்று சொல்லியிருக்கிறாள். திறப்பு விழாவில் ஊர் கூடி நிற்கும்போது என் மூக்கை உடைக்கலாம் என்று காத்திருக்கிறாள் போல. அந்த டீயும் பன்னும் இப்போது நெஞ்சில் நிற்கிறது.

பிப்ரவரி 10

ஏகாம்பரத்துக்கு ஃபோன் செய்து உண்மையைச் சொன்னேன். “ஏம்மா, வந்து பாத்து, அழுது, ஆமான்னு சொன்னது நீங்கதான?” என்றார். நான்தான் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செய்ய முடியும் என்றார். பழைய தழும்பில் பட்டி வைத்து அடைத்து, அந்தப் பக்கம் மிஷினால் கீறி, மேலே பெயின்ட் அடித்தால் அரை நாள் வேலை. பதினேழாம் தேதி சிலையைக் கொண்டுவந்து இறக்கும்போதே கொல்லையில் வைத்துச் செய்துவிடுகிறேன் என்றார்.

பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை. அத்தை காலையிலேயே பச்சையம்மன் கோயிலுக்குப் போவாள், திரும்ப மதியம் ஆகும். யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம்.

பிப்ரவரி 13

தேனு டான்ஸ் ஆட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். அப்பா சிலைக்கு முன்னால் எதற்கு டான்ஸ் என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 16

பிச்சாண்டி அண்ணன் நாளை மறுநாள் வந்துவிடுவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். அவர் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில். எந்தப் பக்கம் என்று அவருக்குக் கேட்காமலே தெரியும்.

பிப்ரவரி 17

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் மினி லாரியில் சிலை வந்தது. பீடத்தில் ஏற்றி நிறுத்தினார்கள். மார்பு வரைக்குமான சிலை, பச்சை உடுப்பு, தொப்பி, கண் மட்டும் துணியால் கட்டியிருந்தது. உதவிக்கு வந்த ஆட்களை ஏகாம்பரம் டீ குடிக்க அனுப்பிவிட்டார். பட்டியைக் குழைத்தார். சின்ன மிஷினுக்கு மோட்டார் கொட்டகையிலிருந்து வயர் இழுத்தோம். பழைய தழும்பை அடைக்கக் கரண்டியை எடுத்தபோது வரப்பில் அத்தை வந்துகொண்டிருந்தாள். கோயிலுக்குப் போகவே இல்லை போலிருக்கிறது. நெற்றியில் திருநீறு இல்லை, கையில் பூக்கூடையும் இல்லை.

“இன்னா பண்றீங்க?” என்று கேட்டாள்.

எனக்கு ஆத்திரமும் வெட்கமும் சேர்ந்து வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். தப்பான படத்தைக் கொடுத்தேன், எனக்கு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, கூட வாழ்ந்தும் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிட்டீர்கள், சந்தோஷம்தானே என்று கத்தினேன். கத்திய பிறகு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அத்தை ஏகாம்பரத்தின் கையிலிருந்த கரண்டியை மெதுவாக வாங்கினாள். பட்டிச் சட்டியில் போட்டாள். “ஐயா, செத்த நேரம் அப்பிடிப் போயிட்டு வாங்க” என்றாள். அவர் மோட்டார் கொட்டகைப் பக்கம் போனார். அத்தை என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

“உடு கோதை. அப்பிடியே இருக்கட்டும்.”

“ஊர் சிரிக்கும், அத்தை. பிச்சாண்டி அண்ணன் பாத்ததும் கண்டுபிடிச்சிடுவாரு.”

“கெணத்துல உழல அவன்” என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் தன் இடது கையை மடியில் வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அப்போது அவருக்குப் பத்து வயது. ஆரணியில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், பெரிய பையன்கள் மைதானத்தில் ஓடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு எருமையை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறார். எருமை அடுத்தவன் கொல்லையில் இறங்கிக் கடலையை மேய்ந்துவிட்டது. அந்தக் கொல்லைக்காரர்கள் வந்து நடுத்தெருவில் நிற்க வைத்து அத்தையைக் கேவலமாகப் பேசினார்கள். சாயங்காலம் சிரித்த முகமாக வந்தானாம் பிள்ளை. ‘அம்மா, நானும் பட்டாளத்துக்குப் போறேம்மா’ என்றானாம். அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த விறகுக் கட்டையை எடுத்து வீசி அடித்துவிட்டாள்.

“என்னோடது பீச்சாங்கை. எங்க பட்டிருக்கும்? வலது பக்கம்தான். கண்ணு போயிருக்கும், மயிரெழைல தப்பிச்சான். காப்பித்தூள வெச்சி அமுக்கினேன். ஆஸ்பத்திரில நர்சம்மா இன்னாடா ஆச்சுன்னு கேட்டுச்சு. நான் சொல்லிக் குடுக்கல கோதை. அவனா சொன்னான், கெணத்துல உழுந்துட்டேன்னு. அப்பறம் ஊருக்கும் அதான். பட்டாளத்துல டாக்டரு கேட்டதுக்கும் அதான். உன்னாண்டயும் அதான் சொல்லிகிறான்.”

லீவில் வந்து எண்ணெய் வைக்கும்போதெல்லாம் அந்தப் புருவத்தில் அவள் கை படாமல் தள்ளித் தள்ளிப் போகுமாம். அவர் கையைப் பிடித்து அதன் மேலேயே வைத்துக்கொள்வாராம். ஒன்றும் சொல்ல மாட்டார், சிரிப்பார். நான் துணி துவைக்கப் போய்விட்ட நேரம் அது.

“தழும்பு வேணாம்னு அதுக்குத்தான் சொன்னேன். ரோட்டோரமா வெச்சி, போறவன் வர்றவன் எல்லாம் நான் அடிச்சதப் பாப்பானேன்னு. நீ உட மாட்டேன்னுட்ட. பட்டறையில போய்ப் பாத்தா, அந்தப் பக்கம் வெச்சிருந்தாங்க.”

எழுந்து போய், துணி கட்டிய முகத்துக்கு முன்னால் நின்றாள். இடது புருவத்தைத் தொட்டாள்.

“இது நான் அடிச்சது இல்ல. இது நெசமாவே கெணத்துல உழுந்து பட்டது. இந்தப் புள்ளய நான் அடிக்கவே இல்ல, கோதை.”

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். இத்தனை நாளாக அவள் என்னை அவமானப்படுத்தக் காத்திருக்கிறாள் என்று நினைத்தேனே, அதற்காகவும் சேர்த்து அழுதேன். பிறகு எழுந்து போய் மோட்டார் சுவிட்சை அணைத்து, வயரைச் சுருட்டினேன். பட்டி காய்ந்துபோய்விடும் என்று ஏகாம்பரம் சொன்னார். காய்ந்தால் காயட்டும், சிலை சரியாகத்தான் இருக்கிறது என்றேன். அவர் என் முகத்தையும் அத்தை முகத்தையும் பார்த்துவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 19

நல்ல கூட்டம். எம்.எல்.ஏ. வரவில்லை, அதுவும் நல்லதுதான். கண் கட்டை அவிழ்க்கும் வேலையைத் தேனுவிடம் கொடுத்தார்கள். அவள் பீடத்தில் ஏறி அவிழ்த்துவிட்டு, “அப்பா, வணக்கம்” என்றாள்.

பிச்சாண்டி அண்ணன் முழு உடுப்பில் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். கையை இறக்கும்போது அவர் பார்வை புருவத்தில் நின்றது. எனக்குத் தெரிந்துபோயிற்று. மாலை எல்லாம் போட்டு முடிந்ததும் என் பக்கம் வந்தார்.

“தங்கச்சி, அந்தத் தழும்பு...”

பக்கத்தில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அத்தையும் நின்றிருந்தாள். அவள் வாயைத் திறக்கப்போவது தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

“நான்தான் அண்ணா தப்பான போட்டோவைக் குடுத்துட்டேன். பாத்து ஓகே சொன்னதும் நான்தான்.”

அண்ணன் தலையாட்டினார். அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் கேட்டுவிட்டார்கள். பந்தல் பிரிப்பதற்குள் ஊர் பூராவும் போயிருக்கும். பொண்டாட்டிக்கே புருஷன் முகம் தெரியவில்லை என்று யாரோ பெண்கள் பக்கத்தில் சொன்னது என் காதிலேயே விழுந்தது. பொய் இல்லையே, பேசட்டும்.

கூட்டம் கலைந்த பிறகு அத்தை மாலைகளை ஒதுக்கிவிட்டு, ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் கொண்டுவந்தாள். ஃபைபரில் எண்ணெய் நிற்காது என்று நான் சொல்லவில்லை. நெற்றியில் தேய்த்தாள். வலது புருவத்தில், தழும்பு இல்லாத இடத்தில், அவள் இடது கை தள்ளிப் போகாமல் நின்று நின்று தேய்த்தது.

பிப்ரவரி 20

பால்வாடிக்குப் போனேன். முட்டை வேகவைத்து உரித்தேன்.

சாயங்காலம் தேனுவின் பள்ளிக்கூடப் பையிலிருந்து எழுதாத நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். இந்த டைரி அவர் கருப்புப் பெட்டியில், கம்பளி உடுப்புக்கு அடியில் போகிறது. தேனு படிக்கப் போவது அந்த நோட்டைத்தான். முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்:

உன் அப்பாவுக்கு வலது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் கிணற்றில் விழுந்தபோது கல் பட்டது. சிலையில் அது இடது பக்கம் இருப்பது அம்மா செய்த தப்பு.